கேப்ரியல் போனதோடு முடியவில்லை
1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியதோடு, ஜெனசிஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் புராக்ரெசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) முடிந்துவிட்டது என்று உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்களாக 1967இல் அவர்கள் ஆரம்பித்த கதையை அழகாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் புதுப் பாடகரைத் தேடி அலுத்து, கடைசியில் டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸே மைக்கைப் பிடித்தாரே, 1976இல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' ஆல்பம், அதை எப்படி விட்டீர்கள்? முதல் பாட்டே ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் தடதடவென்று ஓடும். டோனி பேங்க்ஸின் கீபோர்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். என்னைக் கேட்டால், 1977இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் விலகியதுதான் பெரிய இழப்பு.

2022 மார்ச்சில் லண்டனில் குழுவின் கடைசிக் கச்சேரி. உடம்பு முடியாமல் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். பின்னால் டிரம்ஸில் அவர் மகன் நிக். பார்க்க வந்தவர்களில் கேப்ரியலும் ஒருவர். அந்த வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டேன்.