தழும்பு மறையாதுங்க, விடுங்க

நேத்து கதை வாசிப்புக் கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும், அதனால பேரெல்லாம் சொல்லல. மூஞ்சில தீக்காயத் தழும்போட, ஊரே ஒதுக்கி வெச்ச ஒரு பொண்ணப் பத்தி, தென் அமெரிக்காவுல இன்காக்கள் ஆண்ட காலத்துல நடக்குற மாதிரி நான் எழுதின கதைய வாசிச்சேன். முடிச்சதும் ஒரு பெரியவர் எந்திரிச்சு, "நல்லாருக்கும்மா, கடைசில அந்தத் தழும்பு மறைஞ்சிட்டா இன்னும் பாசிட்டிவா இருக்கும்"ங்கிறார். எல்லாரும் தலையாட்டுறாங்க.

மறையாதுங்க. அன்னைக்கு இன்காக்களோட தலைநகர் குஸ்கோவுலயும் மறையாது, இன்னைக்கு லேசர் வெச்சாலும் முழுசா மறையாது.

அடுத்தவர் இன்னும் ஒரு படி மேல. "அந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ண நரபலி குடுத்திருப்பாங்களே, லாஜிக் இடிக்குதே"ன்னார். சார், கபகோச்சான்னு இன்காக்கள் குடுத்த பிள்ளை பலிக்கு மாசு மரு இல்லாத பிள்ளையாப் பாத்துத்தான் எடுத்தாங்கன்னு ஸ்பானியர்களே எழுதி வெச்சிருக்காங்க. 1999ல யுயையாகோ எரிமலை உச்சில, 6,739 மீட்டர் உயரத்துல, அப்படிப் பலியான மூணு பிள்ளைங்க உடம்பு கிடைச்சுதே, மூத்தவளுக்கு பதிமூணு வயசு இருக்கும், பின்னின ஜடை கூட அப்படியே இருக்கு, இப்ப அர்ஜென்டினாவுல சால்டா மியூசியத்துல இருக்கா. என் கதைப் பொண்ணு அந்த மலை ஏறாம வீட்ல சிச்சாங்கிற மதுவுக்கு மக்காச்சோளம் வேக வெச்சிட்டு இருக்கான்னா காரணமே அந்தத் தழும்புதான். அதத்தான் அழிக்கச் சொல்றீங்க.

உடனே "அப்போ இன்காக்காரங்க எல்லாம் உத்தமர்களா"ன்னு கமெண்ட் வரும். இல்லவே இல்ல. பார்வை இல்லாதவங்களுக்கு பார்வை இல்லாதவங்களையே, பேச முடியாதவங்களுக்கு பேச முடியாதவங்களையே கட்டி வெச்சாங்கன்னு பெருவோட பூர்வகுடி எழுத்தாளர் வாமன் போமா 1615 வாக்குல எழுதினார். படிச்சப்போ சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா எனக்கும் அப்படி ஒரு ஜாதகம் வந்துச்சு. "பையனுக்கும் கைல தீக்காயம், பொருத்தமா இருக்கும்"னு தரகர் சொல்ல, எங்க அம்மா அவருக்குக் காபி போட்டுக் குடுத்தாங்க. எனக்கு ஆறு வயசுல வடிகஞ்சி சரிஞ்சு இடது கன்னத்துல இருந்து கழுத்து வரைக்கும் வெந்துபோச்சு, புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன்.

ஆனா அதே ஊர்லதான் 'வாக்கா'ன்னும் ஒரு வார்த்தை இருந்துச்சு. கோயிலுக்கும் அதே பேரு, ஆறு விரலோட, பிளந்த உதட்டோட பொறந்தவங்களுக்கும் அதே பேருன்னு பெருவுல பொறந்த எழுத்தாளர் கார்சிலாசோ 1609ல எழுதுறார், அவங்கம்மா இன்கா ராஜ வம்சம். பிறவில வந்தது வேற, சுட்டது வேறன்னு சொல்வீங்க. சொல்லுங்க. என் கதைப் பொண்ணு அந்த வார்த்தையத் தனக்குன்னு எடுத்துக்கிட்டா, கதையே அவ்ளோதான், யாரும் அவளுக்குக் குடுக்கல.

"இன்காவ எழுத உனக்கு என்ன தகுதி"ன்னு ஒருத்தர் கேட்டார். கன்னத்தக் காட்டியிருக்கலாம். காட்டல.

ஏன் இவ்ளோ கோபம்னா, பெரியவர் நல்ல மனசோடதான் சொன்னார், அதான் தாங்கல. எங்க அக்கா கல்யாண ஆல்பத்துல நான் இல்ல, ஒரு ஓரத்துல கை மட்டும் தெரியுது, வளையல் வெச்சுக் கண்டுபிடிச்சேன். அதெல்லாம் தாண்டி வந்துட்டேன்னு நெனச்சுதான் இந்தக் கதைய எழுதினேன். நேத்து கடைசில குரூப் போட்டோன்னாங்க. எங்க நிக்கணும்னு யாரும் சொல்லல, நானே ஓரமாப் போய் இடது பக்கம் தெரியாத மாதிரி திரும்பி நின்னுட்டேன்.