உன் கண் எங்கே நிற்கிறது?

என் அக்கா மகள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். "சித்தி, எனக்கு விலங்குகள் என்றால் உயிர். உயிரியல் படிக்கட்டுமா, கால்நடை மருத்துவமா, சுற்றுச்சூழல் அறிவியலா?" என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. அவளிடம் சொன்னதையும், பேசி முடித்த பிறகு தோன்றியதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களைப் பெற்றவர்களும் இருப்பார்கள்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாக இந்த மூன்று படிப்புகளையும் பார்க்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "மனிதருக்கு வைத்தியம் பார்க்க முடியாவிட்டால் மாட்டுக்குப் பார்" என்று பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். மனிதகுலம் இதுவரை உலகத்திலிருந்தே ஒழித்த நோய்கள் இரண்டுதான். ஒன்று பெரியம்மை. மற்றொன்று ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டு வெக்கை நோய். அது ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த தடுப்பூசியை உருவாக்கிய வால்டர் பிளௌரைட் ஒரு கால்நடை மருத்துவர். உடலின் தற்காப்பு உயிரணுக்கள் வைரஸ் புகுந்த உயிரணுவை எப்படி அடையாளம் காண்கின்றன என்று கண்டறிந்ததற்காக 1996-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் டோஹர்ட்டி படித்ததும் கால்நடை மருத்துவம்தான். இரண்டாம் தரம் என்ற பேச்சை இத்தோடு விடுவோம்.

இனி அவள் கேள்வி. விலங்குகள் என்றால் உயிர் என்கிறாள், சரி. ஆனால் இந்த மூன்று துறையில் இருப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு நோயுற்ற விலங்கின் முன்னால் நிற்கும்போது உன் கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் வயதில் நானும் கால்நடை மருத்துவராகவே ஆசைப்பட்டேன். ஒரு விடுமுறை முழுக்க ஒரு சிறிய கால்நடை மருத்துவமனையில் எடுபிடியாக இருந்தேன். ஒரே வாரத்தில் மூன்று நாய்க்குட்டிகள் பார்வோ என்னும் வைரஸ் நோயோடு வந்தன. மூன்றாவது குட்டி என் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். ஈறு வெளுத்திருந்தது. ரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். மருத்துவர் அதன் முன்னங்காலில் மயிரை மழித்து, நூல் போன்ற ரத்தக் குழாயைத் தேடி ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ஏறியது. அந்தக் கால் மணி நேரமும் அவருக்கு அந்தக் குட்டியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. நானோ காலைப் பிடித்தபடியே கொண்டுவந்தவரைத் துருவிக்கொண்டிருந்தேன். எந்தத் தெரு? முன்பு வந்த குட்டிகளும் அங்கிருந்துதானா? அங்கே எத்தனை நாய்கள் இருக்கின்றன? தடுப்பூசி போட்டவை எத்தனை?

மாலையில் கை கழுவும்போது மருத்துவர் சொன்னார்: "உன் கை குட்டியைப் பிடித்திருந்தது. உன் கண் தெருவில் இருந்தது." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பதென்று தீர்மானித்தது அந்தப் பேச்சால்தான்.

அதே குட்டியை உயிரியல்காரர் ஒருவர் பார்த்திருந்தால் அவர் கண் இன்னும் உள்ளே போயிருக்கும். இந்த வைரஸ் ஏன் குடலைத் தாக்குகிறது? பிரிந்து பெருகும் உயிரணுக்களில் மட்டுமே அதனால் பெருக முடியும். குடலின் உட்பூச்சு ஓயாமல் புதுப்பிக்கப்படும் இடம், எனவே அங்கே போகிறது. 1970களின் பிற்பகுதிவரை நாய்களில் இந்த நோயே அறியப்படவில்லை. பூனைகளைத் தாக்கும் வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒன்று சிறு மாற்றங்களோடு நாய்க்குத் தாவி, 1978 வாக்கில் உலகமெங்கும் பரவியது. அந்த மாற்றங்கள் எவை என்ற கேள்விக்காகத் தூக்கத்தை விடக்கூடியவர் உயிரியலுக்குப் போகட்டும்.

மூன்று கண்களும் ஒரே இடத்தில் தேவைப்பட்டதற்குப் பாறு கழுகுகளின் கதையே போதும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. ஆண்டுக்கணக்காகக் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் அபாயத்தைச் சொன்னார்கள். பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர்கள், உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டார்கள். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. தொற்றுநோய் இல்லை, வழக்கமான நஞ்சுகளும் இல்லை. கடைசியில், மாடுகளுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து இறந்த மாட்டின் உடல் வழியாகக் கழுகுக்குள் போகிறது என்பது 2004-ல் வெளியானது. கால்நடைகளுக்கான அந்த மருந்தை 2006-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் தடை செய்தன. கழுகைக் கொல்லாத மாற்று மருந்தாக மெலாக்சிகாமையும் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். இதில் எண்ணியவரை விட்டாலும் அறுத்துப் பார்த்தவரை விட்டாலும் உள்ளே போன நஞ்சைத் தேடியவரை விட்டாலும் விடை கிடைத்திருக்காது.

ஒவ்வொரு வேலையின் அன்றாடமும் எப்படி இருக்கும் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கால்நடை மருத்துவரின் நாளில் பாதி மனிதரோடு பேசுவதிலேயே போகும். வலி விலங்குக்கு, பேச்சும் பணமும் உரிமையாளருக்கு. குணப்படுத்தக்கூடிய உயிரைக் கூட, செலவு செய்ய முடியாததால் கருணைக்கொலை செய்யும்படி ஆகும் நாள் வரும். அந்த மருத்துவமனையில் ஒரு கிழட்டு நாய்க்குக் கடைசி ஊசி போட்டபோது, மருத்துவர் மேசையை விட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள், காது கேட்கும்" என்றார். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் மன உளைச்சல் பல நாடுகளில் கவலையோடு பேசப்படுகிறது. போகாதே என்று தடுப்பதற்காகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போகவேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த இடம் ஓடைகள். நீரோட்டத்துக்கு எதிராக வலையை நிறுத்தி, அதற்கு முன்னால், நீர் வரும் பக்கம் நின்று காலால் கற்களைக் கிளறினால், கற்களுக்கு அடியில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்கள் வலையில் வந்து விழும். அவற்றை ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுவந்து நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக இடுக்கியால் பிரிக்க வேண்டும். ஒரு மாதிரிக்கே ஒரு நாள் போய்விடும். காடிஸ் என்று ஒரு பூச்சி. அதன் புழு மணல் துகள்களைத் தன் பட்டு நூலால் ஒட்டி, உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு குழலைக் கட்டிக்கொள்ளும். துகள்கள் ஒவ்வொன்றும் அளந்து பொறுக்கியது போல அத்தனை பொருத்தமாக இருக்கும். இந்த வகைப் பூச்சிகள் பல இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது. அவை மறைந்து சிவந்த கொசுப்புழு போன்றவை மட்டும் மிஞ்சினால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது, மேலே யாரோ எதையோ கலக்கிறார்கள். ஓர் ஓடையைக் காக்க நான் கொன்ற புழுக்களுக்குக் கணக்கில்லை. இதை அவளிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தாள். கண் முன்னால் இருக்கும் ஒற்றை உயிரை விட முடியாதவள் என்றால் இந்த வேலை அவளை வதைக்கும்.

கணிதத்துக்குப் பயந்து உயிரியல் பக்கம் வரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஓடையில் எண்ணியதைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரப் புள்ளியியல் வேண்டும். மரபணு ஆய்வுக்குக் கணினி நிரல் வேண்டும். குட்டியின் எடைக்கு மருந்தளவு கணக்கிடத் தசமப் புள்ளி தவறாமல் இருக்கவேண்டும். அங்கே தவறினால் உயிர் போகும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கவேண்டும் என்பதில்லை. அதைக் கண்டு ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

வேலை வாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்நடை மருத்துவப் பட்டம் நேராக ஒரு தொழிலுக்குள் கொண்டுபோய் விடும். இறைச்சிப் பரிசோதனை, தொற்றுநோய்க் கண்காணிப்பு, ஆய்வகம் என்று அதற்குள்ளேயே பல கதவுகள் உண்டு. உயிரியலில் ஆராய்ச்சிக்குப் போவதென்றால் முனைவர் பட்டம் வரை பொறுமை வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அகலமானது. அகலத்தை மட்டும் நம்பாமல், வேதியியலோ, நிலவரைபடக் கணினித் திறனோ, சட்டமோ, கையில் உறுதியான ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் பத்து நாள் எங்கேயாவது போய் நின்று பார் என்றேன். போனாள். நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தாள். காலை முழுக்கக் கூண்டு கழுவினாளாம். மதியம் ஒரு பூனை வந்ததாம். அதன் காதிலிருந்து எடுத்த கறுப்பு அழுக்கை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார்களாம். எட்டுக் கால்களோடு சிற்றுண்ணிகள் நகர்ந்துகொண்டிருந்தனவாம். அவை எதைத் தின்கின்றன, எங்கே முட்டையிடுகின்றன, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு எப்படிப் போகின்றன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

பூனைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கூட இல்லை. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மீதி நாட்களும் போகட்டும்.