வழக்கின் பெயரும் பதவியில் இருந்தவரும்
மாநிலக் கல்வி அதிகாரியின் வழக்குக் கோப்புகளே அவரது ஆட்சிமுறையைக் காட்டிவிடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதுவது பாதி உண்மைதான். அமெரிக்காவில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் பதவியில் இருப்பவர் பெயரிலேயே தொடுக்கப்படுகின்றன. கலிபோர்னியாவின் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் வில்சன் ரைல்ஸ் மீது 1971இல் தொடுக்கப்பட்ட ‘லாரி பி. எதிர் ரைல்ஸ்’ வழக்கு, நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு கறுப்பினக் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் சேர்த்ததை எதிர்த்தது. 1968-69 கல்வியாண்டிலேயே மாநில மாணவர்களில் ஏறத்தாழ 9 சதவீதமாக இருந்த கறுப்பினக் குழந்தைகள் அவ்வகுப்புகளில் 27 சதவீதமாக இருந்தனர். ரைல்ஸ் பொறுப்பேற்றதோ 1971இல். அவரும் கறுப்பினத்தவரே என்பது கோப்பின் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. ஆனால் குழந்தைகள் தரப்புக்குச் சாதகமாக வந்த 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்து அவர் தரப்பு மேல்முறையீடு செய்தது. அவருடைய பொறுப்பை மதிப்பிட விரும்புவோர் தேட வேண்டியது மேல்முறையீடு செய்யும் அந்த முடிவைச் சுற்றிய அலுவலகக் கடிதங்களைத்தான்.