கைக்குழந்தையையும் சேர்த்து எழுதுங்கள்

அமெரிக்காவில் குடியேறிய கறுப்பின மக்கள் சென்சஸ் படிவத்தை நிரப்பத் தயங்குகிறார்கள் என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் தயங்கக் காரணம் இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்காமல் சுவரெங்கும் நோட்டீஸ் ஒட்டி என்ன பயன்?

நியூயார்க்கின் புரூக்ளினில், ஃபிளாட்புஷ் பக்கம் ஒரு ஹெய்ட்டிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது நாலு பேர். உள்ளே இருப்பது ஏழு பேர். ஊரிலிருந்து வந்த தம்பி, அவன் மனைவி, கைக்குழந்தை. தம்பியின் விசா முடிந்துவிட்டது. ஏப்ரல் 1 அன்று இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்றுதான் படிவம் தொடங்குகிறது. ஏழு என்று எழுதினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, குடியேற்றத் துறை கதவைத் தட்டுமோ என்று பயம். நாலு என்று எழுதுவார்கள், இல்லையென்றால் கவரையே பிரிக்கமாட்டார்கள். அந்தக் குழந்தை கணக்கில் வராமலேயே பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிடும்.

2020 கணக்கெடுப்பு பற்றி சென்சஸ் துறையே பிறகு ஆய்வு செய்து சொன்னது இது: கறுப்பின மக்கள் 3.3 சதவீதம் விடுபட்டார்கள், லத்தீன் அமெரிக்கப் பூர்விகம் இல்லாத வெள்ளையர்கள் 1.64 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டார்கள். சின்ன எண் மாதிரி தெரியலாம். ஆனால் மக்கள்தொகையைப் பார்த்துத்தான் பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களுக்கு இடம் பிரிக்கிறார்கள். அதே கணக்கெடுப்பின்படி நியூயார்க் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது, இன்னும் 89 பேர் கணக்கில் வந்திருந்தால் இழந்திருக்காது. ஃபிளாட்புஷில் ஒரே அடுக்குமாடியில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

பயம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2018இல் டிரம்ப் அரசு 'நீங்கள் குடிமகனா?' என்ற கேள்வியை சென்சஸ் படிவத்தில் சேர்ப்பதாக அறிவித்தது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2020 படிவத்தில் அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் பேச்சு தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்க சென்சஸ் தகவல் பயன்பட்டதும் வரலாறு. இதை மறைக்கவே கூடாது என்பேன். மறைத்தால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

அந்த உண்மை என்னவென்றால், இப்போதுள்ள சட்டப்படி ஒருவருடைய பதிலை வீட்டுக்காரருக்கோ போலீசுக்கோ குடியேற்றத் துறைக்கோ கொடுக்க முடியாது. பெயரோடு கூடிய விவரம் 72 ஆண்டுகள் வெளியே வராது. கசியவிடும் ஊழியருக்கு 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய நாடு அது. 1868இல் வந்த, அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம்தான் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள 'முழு எண்ணிக்கையிலான மனிதர்களை' எண்ணச் சொன்னது. குடிமக்களை மட்டும் என்று சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், குடியேற்ற ஆவணமில்லாதவர்களை எண்ணாத புதிய சென்சஸ் வேண்டும் என்றார். திருத்தத்தின் வாசகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். 2020 படிவத்தில்தான் 'கறுப்பினத்தவர்' என்ற கட்டத்தின் கீழ் ஹெய்ட்டி, ஜமைக்கா, நைஜீரியா, சோமாலியா என்று பூர்விகத்தையும் எழுத இடம் கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். மினியாபொலிஸில் ஒரு மருத்துவமனைக்கு எத்தனை சோமாலி மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும் என்று திட்டமிட இந்த எழுத்தும் உதவும். கட்டத்தை மட்டும் டிக் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

மொழியும் இடிக்கிறது. 2020இல், ஹெய்ட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் போனிலும் இணையத்திலும் பதில் சொல்ல முடிந்தது. சோமாலி, அம்ஹாரிக், யொரூபா, இக்போ ஆகிய ஆப்பிரிக்க மொழிகள் பேசுபவர்களுக்கு வழிகாட்டிக் குறிப்புதான், நம் தமிழுக்குக் கிடைத்த மாதிரி. அதை வைத்துக்கொண்டு ஆங்கிலப் படிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2030 ஏப்ரல் 1. கடைசி மூன்று மாதம் விளம்பரம் செய்தால் போதாது, இப்போதே தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் முடி பின்னும் கடைகளுக்கும் கிரியோல் வானொலிக்கும் போக வேண்டும். அங்கே பேசுபவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். ஏழு பேர் இருந்தால் ஏழு என்று எழுதலாம், வாடகை ஒப்பந்தத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். அவருக்கு அந்த வேலைக்குச் சம்பளமும் கொடுங்கள்.