ஏரிக்குள்ளேயா வீடு?

நில திட்டமிடல் ஆட்களிடம் நான் வடிவமைக்கும் செயலியின் மாதிரியைக் காட்டுவதைப் போல ஒரு தலைவலி வேறில்லை. அதன் வரைபடத்தில் ஒரு மனையைத் தட்டினால் எத்தனை மாடி கட்டலாம், சாலையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்றெல்லாம் வரும். அந்தத் தட்டல் சுலபமாக இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அவர்கள் கண்ணோ நிறத்தில்! வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா என்று பார்த்துப் பழகியவர்கள். வீட்டுமனைக்கு இளநீலம் போட்டால் போச்சு, “ஏரிக்குள்ளேயா வீடு?” என்று ஒரே சிரிப்பு. சரி, மாற்றினால் அடுத்தது: “இந்த மனைக்குப் பாதையே இல்லையே, யார் அனுமதி கொடுத்தது?” ஐயா, அது நான் சும்மா கிறுக்கிய மனை! ‘கற்பனைத் தரவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் பரப்பளவைக் கூட்டிச் சரிபார்க்கிறார்கள். உண்மையான வரைபடம் கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வருகிறது, அதுவும் அளவுகோல் இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டு.