40 என்றால் 40தான், தம்பி

இன்றைக்கும் ஒருவன் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தான். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, வளைவு முடியும் வரைக்கும். நான் போனது 38இல். பலகையில் இருப்பது 40. இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்? ஸ்கூட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி வழிவிட வேண்டுமா?

முள்ளியவளையில் வீடு, ஒட்டுசுட்டானுக்கு அங்கால் பள்ளிக்கூடம், படிப்பிப்பது கணிதம். மாங்குளம் முல்லைத்தீவு வீதியில், அதுதான் ஏ-34இல், கிழமைக்கு ஐந்து நாள் சேலையைச் செருகிக்கொண்டு பழைய ஸ்கூட்டி பெப்பில் போய் வருகிறேன். இந்த வீதியின் வளைவுகள் எனக்கு வகுப்பு இடாப்பு மாதிரி. எது சாது, எது குழப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குழப்படியான ஒன்றுக்கு முன்னால்தான் அந்த மஞ்சள் பலகை நிற்கிறது. சாய்சதுரம், நடுவில் வளைந்த கறுப்பு அம்பு, கீழே சின்னத் தகட்டில் 40.

அந்த 40ஐ இங்கே மோட்டார் சைக்கிள் ஓடுகிற பெடியள் வாசிக்கிற விதமே வேறு. அவர்களுக்கு அது ஒரு கேள்வித்தாள். 40 போட்டிருக்கிறது, நீ எத்தனையில் எடுப்பாய்? 60இல் எடுத்தவன் 70இல் எடுத்தவனிடம் தோற்றுப்போனான். 70இல் எடுத்தவன் பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு எடுத்தவனிடம் தோற்றான். 38இல் போகிற ரீச்சர் இந்தப் போட்டியிலேயே இல்லை, வழியை மறிக்கிற சாமான்.

போன மாசியில் நடந்ததைச் சொல்கிறேன். காலபோக வெட்டு முடிந்த நேரம். வளைவுக்கு அந்தப் பக்கம் எதிர்ப் பாதையில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்துக்குக் கல்லும் தடியும் வைத்து, ஒரு ஆச்சி சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தா. (வீதியில் நெல் காயப்போடுவது சரியா என்று கேட்கிறீர்களா? சரியில்லை. காயவைக்கத் தளம் இல்லாதவன் வேறெங்கே போடுவான் என்பது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை.) எனக்கு நெல் இன்னும் முழுதாகத் தெரியவில்லை, ஆச்சியின் தலை மட்டும்தான் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பல்சர் என்னை முந்துகிறது. வளைவுக்குள், வலப்பக்கத்தால்.

நெல்லுக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு முழம் கூடுதலாகச் சொன்னால் பொய். பின் ரயர் நெல்லின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு ஆட்டம் ஆடியது. மாடு வாலை வீசுவது போல ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஆச்சி நெல்லோடு நெல்லாகப் பாய்ந்து விழுந்தா. அவன் விழவில்லை. நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். ஆச்சி எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு விட்ட பேச்சில் ஒரு சொல்லைக்கூட நான் இங்கே எழுத முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து உண்டு.

சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அதே பைக் நின்றது. ஆளும் நின்றான், ஒரு கையில் ரோல்ஸ், முழங்கையில் ஹெல்மெட். பார்த்தால் என் பழைய மாணவன். ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு நேரே போனேன்.

“தம்பி, அந்த வளைவில எத்தின போட்டிருக்கு?”

“40 ரீச்சர்.”

“நீர் எத்தினயில வந்தனீர்?”

“அது லொறிக்காரருக்குப் போட்டது ரீச்சர். பைக் எண்டா 70இல எடுக்கலாம். பாத்தீங்கள்தானே, ஒண்டும் நடக்கேல்ல.”

“உமக்கு ஆர் கணக்குப் படிப்பிச்சது?”

“நீங்கள்தான் ரீச்சர்.”

கடைக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. ஆனால் அந்த “ஒண்டும் நடக்கேல்ல” இருக்கிறதே, அதுதான் இன்றுவரை வயிற்றை எரிக்கிறது. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு அத்தாட்சிப் பத்திரம். நேற்று 65இல் ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே இன்றைக்கு 70. ஆச்சி பாய்ந்து விழுந்தது அவனுடைய கணக்கில் எந்த நிரலிலும் இல்லை.

சரி, நான்தானே படிப்பித்தேன், நானே மிச்சத்தையும் படிப்பித்துவிடுகிறேன்.

லொறிக்குப் போட்டது என்று அவன் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. இப்படியான இலக்கத்தை எடுக்கிற பழைய முறை ஒன்று உண்டு. வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும் கருவியைக் காருக்குள் பொருத்தி, அதே வளைவில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓடிப் பார்ப்பார்கள். குண்டு ஒரு பக்கமாக எத்தனை பாகை ஏறுகிறது என்பதை வைத்து, உள்ளே இருக்கிறவர் சரிந்து அந்தரப்படாமல் போகக்கூடிய வேகம் எது என்று தீர்மானிப்பார்கள். அதனால் அந்த வேகத்தைத் தாண்டிய அந்தக் கணமே வாகனம் பிரளும் என்று யாரும் சொல்லவில்லை. சிவப்பு வட்டத்துக்குள் இருக்கிற இலக்கம் சட்டம், மஞ்சளுக்குக் கீழே இருப்பது புத்திமதி. இந்த வித்தியாசம் பெடியளுக்கு நன்றாகத் தெரியும். “மஞ்சளுக்கு பொலிஸ் எழுதாது” என்று சொல்லத் தெரிகிறது. மிச்சம்தான் தெரியவில்லை.

40இலிருந்து 70 என்றால் இரண்டு மடங்குகூட இல்லையே என்று நினைக்கிறான். வேகம் அங்கே வர்க்கமாக வேலை செய்யும் தம்பி. 70ஐ 40ஆல் பிரித்து வர்க்கித்துப் பாரும், மூன்றுக்கு மேல் வரும். உம்மை வளைவுக்குள் பிடித்து வைத்திருக்க ரயருக்கும் தாருக்கும் நடுவில் வேண்டியிருக்கிற பிடி மூன்று மடங்கு. ஆரை 50 மீற்றர் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். 40இல் போனால் பைக் 14 பாகை அளவில் சரிந்தால் போதும். 60இல் கிட்டத்தட்ட 30 பாகை. 70இல் 38 பாகை. அந்த 38 பாகையில், தேய்ந்து வழுக்கையான ரயருக்குக் கீழே, டிப்பர் சிந்திவிட்டுப் போன மணல் கொஞ்சம் இருந்தால்? கேள்வி அவ்வளவுதான். விடையை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப்போகிற அம்புலன்ஸில் கிடந்துகொண்டு யோசிக்கலாம்.

மணலும் எங்கேயோ இருக்கிற மணல் இல்லை. இந்தப் பக்கத்தில் டிப்பர் ஓடாத வீதி எது? படங்கு மூடாமல் குவித்துக் கட்டிக்கொண்டு போகிறவை வளைவில்தான் சிந்தும், ஏனென்றால் டிப்பரும் 40ஐ மதிப்பதில்லை. ரயர் வழுக்கையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு பழைய பைக் விற்ற விலைகள் நினைவிருக்கிறதா? பைக்குக்கே காணியை ஈடு வைத்தவன் ரயருக்கு எங்கே போவான். அது விளங்குகிறது. ரயர் மாற்றக் காசில்லை என்றால் மெதுவாகப் போக வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. மெதுவாகப் போவதற்குக் காசு கேட்கிறார்களா?

இன்னொன்று. பைக் சரிகிறது என்றால் அதன் மேல் இருக்கிற ஆளும் சரிகிறான். வலப்பக்க வளைவில் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தால் ஒட்டி எடுக்கிறவனைக் கவனித்துப் பாருங்கள். ரயர் தன் பாதையில்தான் இருக்கும். தலை கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையில் இருக்கும். எதிரே பஸ் வந்தால் பைக்கில் படாது, தலையில் படும். ஹெல்மெட்டோ முழங்கைக்குப் பாதுகாப்பாக இருக்கிறது.

அந்த இலக்கத்தை எடுத்தவர்கள் ஓடிப் பார்த்தது காய்ந்து கூட்டித் துடைத்த மாதிரி இருக்கிற வீதிக்கு. அவர்களுடைய குண்டுக் கருவிக்குக் கட்டாக்காலி மாடு தெரியாது. இரவில் தாரின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கிற எருமை தெரியாது, கறுப்பு வீதியில் கறுப்பு எருமை, கண் மட்டும் மினுங்கும். பின் லைற் இல்லாத லான்ட்மாஸ்ரர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், தெரியாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் அந்தி சாய்ந்தால் வீதியைக் கடக்கிற யானை தெரியாது. வன்னியில் ஒரு வளைவுக்கு அங்கால் என்ன நிற்கும் என்று அங்கே போகும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. 70இல் போகிறவன் “ஐயோ” என்று நினைத்து முடிக்க ஒரு செக்கன் எடுத்தால் அதற்குள் 19 மீற்றர் போய்விடுவான், பிரேக்கில் கால் படுமுன்னே. பயத்தில் வளைவுக்குள் பிரேக்கை அமத்தினால் பைக் நிமிர்ந்து நேரே போகும். நேரே போனால் ஒன்றில் காடு, இல்லாவிட்டால் எதிரே வருகிற ஆள். எதிரே வருவது அநேகமாக நான்.

இதில் எனக்கு ஆற மாட்டாதது வேறு. பலகை என்றால் என்னவென்று தெரியாத ஊரா இது? 2010இல் மீளக்குடியேறி வந்தபோது வீதியோரம் முழுக்கப் பலகைதானே. சிவப்பில் மண்டையோடு, கீழே மூன்று மொழியில் மிதிவெடி. அந்தப் பலகைக்கு அங்கால் ஒரு காலை வைத்தோமா? விளாத்தி மரம் நிறையப் பழம் விழுந்து கிடக்கும், ஒரு பிள்ளை போகாது. இப்போது பல்சரில் பறக்கிற இதே பெடியள்தான், அப்போது அரைக்காற்சட்டையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள். அது மாட்டுக்குப் போட்டது, எனக்கில்லை என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. எத்தனை பேர் அதைத் தாண்டிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பலகையின் நிறம் மாறிவிட்டது, மண்டையோடு போய் அம்பு வந்துவிட்டது. உடனே மரியாதையும் போய்விட்டது.

இத்தனைக்கும் இவர்களுக்கு எச்சரிக்கை விளங்காது என்றும் சொல்ல முடியாது. எதிரே வருகிறவன் இரண்டு தரம் லைற் அடித்துக் காட்டினால் போதும், முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். முழங்கையில் இருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறும், 80 அப்படியே 45 ஆகும், முகத்தில் ஒரு சாந்தம் வரும், கோயிலுக்குப் போகிற பிள்ளை மாதிரி. முன்பின் தெரியாதவன் காட்டிய லைற்றை நம்புகிறார்கள். ஆனால் வளைவுக்கு அங்கால் எருமை படுத்திருக்கிறது என்று ஒருவனும் ஒருவனுக்கு லைற் அடித்து நான் கண்டதில்லை. பொலிஸும் வாகாக நேர் வீதியில், மர நிழலில்தான் நிற்கும். வளைவில் நிற்க அவர்களுக்கும் பயமாக்கும்.

பக்தியிலும் குறைச்சல் இல்லை. ஏ-9ஆல் போனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டாமல் போவார்களா? கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடித்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் எடுப்பார்கள். எவ்வளவு அவசரமென்றாலும் அங்கே பத்து நிமிடம் இருக்கிறது. வளைவில் 70ஐ 40 ஆக்கினால் எத்தனை செக்கன் போகும்? 200 மீற்றருக்குக் கணக்குப் பார்த்தேன், எட்டுச் செக்கனும் இல்லை. அந்த எட்டுச் செக்கனை மிச்சம் பிடித்து என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். சந்தியில் அரை மணித்தியாலம் நின்று ரோல்ஸ் சாப்பிடுகிறார்கள்.

பலகையின் கதியையும் சொல்ல வேண்டும். ஒன்றின் தூணைப் பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நிலத்தில் சீமெந்துக் கட்டி மட்டும் இருக்கிறது. இன்னொன்று கொடி படர்ந்து பச்சைப் பலகையாகிவிட்டது. என்னுடைய வளைவில் நிற்பதற்கு கெற்றப்போல் அடித்து அம்பின் முனையில் மூன்று நெளிவு. போன கிழமை யாரோ அதன் மேல் டியூசன் நோட்டீஸ் ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள், சரியாகப் பூச்சியத்தை மறைத்து. இப்போது பலகை சொல்கிறது, மணிக்கு 4 கிலோமீற்றர். கணித வகுப்பு நோட்டீஸ் வேறு.

நேற்றுப் பின்னேரம் வரும்போது பொறுக்க முடியவில்லை. ஸ்கூட்டியைக் கரையில் விட்டுவிட்டு, பையிலிருந்த அடிமட்டத்தை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். பசை நல்ல பசை. மூலை மூலையாகத்தான் வந்தது. பூச்சியத்தின் மேல் பாதி தெரிகிற நேரம் பின்னால் ஒரு இரைச்சல், ஒரு பைக், இரண்டு பேர், ஹெல்மெட் முழங்கையில். சரிந்துகொண்டு போகிற போக்கிலேயே பின்னால் இருந்தவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

“ரீச்சர், ஸ்கூட்டி பழுதோ?”