முனகல் இல்லாமல் வேண்டுமா?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் கீத் ஜாரெட்டின் பியானோவை யாருக்காவது போட்டுக் காட்டினால் போதும், கொஞ்ச நேரத்தில் கேள்வி வந்துவிடும்: "யாருப்பா அது, பின்னாடி முனகுறது?" அப்புறம் சிரிப்பு. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் ஓபரா அரங்கு. இரவு பதினொன்றரைக்குக் கச்சேரி. முதுகுவலியோடு வந்தவருக்குக் கிடைத்தது அவர் கேட்ட பியானோ இல்லை. சின்னது; மேல்ஸ்தாயி தகரம் மாதிரி ஒலிக்கும், கீழே கனமே இல்லை, பெடலும் சரியில்லை. வாசிக்க மாட்டேன் என்றவர் கடைசியில் உட்கார்ந்தார். எழுதி வைத்த ஸ்வரம் எதுவும் கிடையாது, ஏறக்குறைய அத்தனையும் அந்த நேரத்தில் தோன்றிய மனோதர்மம்.

அந்தக் கச்சேரிப் பதிவின் முதல் பகுதியில் ஓர் இடம். இடது கை இரண்டே ஸ்வரக் கூட்டுகளில் (chords) சுற்றிச் சுற்றி வரும். வலது கை எதையோ தேடிப் போகும், கிடைக்காமல் திரும்பும், மறுபடி போகும். கிடைக்கிற நொடியில் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதைப் போய்த் தொந்தரவு என்கிறார்கள். விரல் கண்டுபிடித்ததைக் கேட்டு முதலில் நெகிழ்ந்தவர் அவர்தானே!

2018-ல் இரண்டு முறை பக்கவாதம் வந்து இடது கை ஏறக்குறைய செயலிழந்துவிட்டது. இனி அப்படி ஓர் இரவு கிடையாது. இருக்கிற பதிவையாவது பேசாமல் கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பிடிக்கவில்லையா, எழுந்து போங்கள், தப்பே இல்லை. நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள்.